பெங்களூர்க் கல்லூரிகளும் புதிய மாணவர்களும்

கல்லூரியில் இடம் கிடைப்பதனால் மட்டும் ஒரு மாணவன் அக்கல்லூரிக்கு உரியவனாகி விடுவதில்லை. விண்ணப்பமும் மதிப்பெண்ணும் அவனை வாயிலுக்குள் கொண்டுவரும். உள்ளே தன்னையும் ஒருவனாக மதிக்கிறார்கள் என்னும் நிறைவை உடன் பயில்வோரும், ஆசிரியரும், விடுதியும், ஊர்த் தெருவுமே தர வேண்டும். தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல திசை மாணவரை ஈர்த்து வரும் பெங்களூர் நகரின் கல்வி வரலாற்றைக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

1858-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் சென்ட்ரல் கல்லூரி என்று பெயர் பெற்ற நிலையம், 1916-ல் மைசூர்ச் சர்வகலாசாலை ஏற்படும் வரையில் சென்னைச் சர்வகலாசாலையையே சார்ந்திருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் இக்கல்லூரியில் பயின்று 1894-ல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் மைசூர் அரசாங்க அதிகாரியாகவும் கன்னட எழுத்தாளராகவும் விளங்கிய நவரத்ன ராமராவ் அங்கே அவருக்கு வாய்த்த நண்பர். அந்நட்பு மொழி எல்லையைக் கடந்து நெடுநாள் நிலைத்தது.

அக்காலத் தமிழ் மாணவர் பெங்களூரில் தம்மை அந்நியராகக் கருதுவதற்குக் காரணம் குறைவு. எழுதிய பரீட்சை சென்னையினுடையது. ஆங்கிலேயர் 1809-ல் அமைத்த கண்டோன்மென்ட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்திருந்தன. 1883 முதல் 1901 வரை மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். எண்ணிக்கையில் சிறுபான்மையாயினும் செல்வாக்கில் அவ்வாறு இல்லை.

அதே காலத்தில் அவ்வகுப்புகளில் காண அரியவராக இருந்தோர் யார் என்று நோக்கினால், மண்ணின் மைந்தரான கன்னட நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகளும், முஸ்லிம் பிள்ளைகளும், தாழ்த்தப்பட்ட குலத்தாருமே என்பது விளங்கும். உத்தியோகங்களைச் சென்னை மாகாணத்தார் கைப்பற்றிக் கொண்டனர் என்ற குறை முதலில் எழுந்தது. பின்னர், மைசூரைச் சேர்ந்தவரேயாயினும் பிராமணர் மட்டுமே முன்னேறுகின்றனர் என்ற குறையும் அதனோடு சேர்ந்தது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். ஏழு ஆண்டுகளுக்குள் மேல்நிலை உத்தியோகங்களில் பாதியும், கீழ்நிலை உத்தியோகங்களில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாத வகுப்பினருக்குக் கிடைக்க வேண்டும் என்று அக்குழு 1919-ல் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையாகக் கல்வி உதவிகளையும் வற்புறுத்தியது. தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்று கருதிய திவான் விசுவேசுவரய்யா இம்முயற்சிக்கு உடன்படாமல் பதவியிலிருந்து விலகினார்.

இவ்விவாதத்தில் ஓர் உண்மை புலப்பட்டது. நாட்டுப்புறத்திலிருந்து வரும் மாணவனுக்கு நகரில் உண்ண உணவும் தங்க இடமும் இல்லையேல், கல்லூரி வாயில் திறந்திருந்தும் பயனில்லை. 1906-ல் தோன்றிய ஒக்கலிகர் சங்கம் போன்ற அமைப்புகள் மாணவர் விடுதிகளில் கருத்தைச் செலுத்தியது இதனை உணர்ந்தேயாகும்.

வாயிற் காவல் எப்போதும் ஒரே வகுப்பாரின் கையில் இருந்ததில்லை. நம்மவர் கையிலும் இருந்ததுண்டு. நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்தியத் தலைவரானார். அவ்வாண்டிலேயே பம்பாயில் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் என்னும் மாணவி, பிற்காலத்தில் கமலா சோஹோனி என அறியப்பட்டவர், அங்கே சேர விரும்பினார். பெண் என்பதனால் ராமன் மறுத்தார். அம்மாணவி நேரில் சென்று காரணம் கேட்டு உறுதியாக நின்றார். இறுதியில் இடம் கிடைத்தது. ஆனால், ஓராண்டுக்கு முறையான மாணவியாகக் கொள்ளப்படமாட்டார், மற்றவர் கவனத்தைக் கலைக்கலாகாது என்பன போன்ற நிபந்தனைகளோடு! அவர் வெற்றியுடன் பயின்று 1936-ல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். அவருக்குப் பின் ராமன் பிற பெண்களையும் சேர்த்துக்கொண்டார். எனினும், அந்நிபந்தனைகளைப் பேரவமானமாகவே கமலா முதுமையிலும் நினைவுகூர்ந்தார். இடம் கொடுத்த கையே தலைகுனிவையும் சேர்த்துக் கொடுக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. அரசாங்கம் நடத்துகின்ற அல்லது அரசாங்க உதவி பெறுகின்ற கல்வி நிலையத்தில், மதம், இனம், சாதி, மொழி என்னும் காரணங்களை மட்டும் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்று அதன் 29-ஆம் பிரிவு விதிக்கின்றது. எனினும், கல்லூரிக்கு வெளியேயுள்ள தெருவில் பரவும் அச்சத்தைச் சட்டத்தின் ஒரு பிரிவு மட்டும் நீக்கிவிட இயலாது.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது வெளிப்பட்டது. அஸ்ஸாமில் நேர்ந்த கலவரத்தைத் தொடர்ந்து, வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி கைப்பேசிகளின் வழியாகப் பரவிற்று. மாணவர்களும் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தனர். குவஹாத்திக்குத் தனி ரயில்கள் விடப்பட்டன. ஒரே வேளையில் பலருக்குச் செய்தி அனுப்புவதை மத்திய அரசாங்கம் சில நாட்களுக்குக் கட்டுப்படுத்தியது. வதந்தி பொய்யாயினும் அது நம்பப்பட்டது ஏன்? முகத்தோற்றத்தைக் கொண்டே அயல்நாட்டார் என அழைக்கப்பட்டுப் பழகிய நெஞ்சம், தன்னைக் காக்க அண்டை வீட்டார் வருவர் என எளிதில் நம்புவதில்லை. 2016 ஜனவரி இறுதியில், வேறொரு ஆப்பிரிக்கர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண்மணி இறந்ததற்காக, அதனோடு தொடர்பே இல்லாத தான்சானிய மாணவி ஒருவர் அதே நகரில் கும்பலால் தாக்கப்பட்டார். ஒருவர் செய்த பிழைக்கு அவர் நிறத்தார் அனைவரும் பொறுப்பாக்கப்பட்டனர்.

இந்நிலையைத் தமிழர் அறியாதவரல்லர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் உடைமைகளை விட்டு எல்லை கடந்தன. பேசும் மொழியே அன்று குற்றமாயிற்று. அண்டை வீட்டுக் கன்னடர் துணை நின்று காத்த குடும்பங்களும் உண்டு. அவை திரும்பி வந்து வாழத் துணிந்ததற்கு அத்துணையும் ஒரு காரணம்.

வரவேற்பு என்பது மாலையிட்டு நடத்தும் விழாவன்று. புதிய மாணவனின் பெயரைப் பிழையின்றி அழைத்தல், அவன் உணவை இகழாதிருத்தல், ஊர் மொழியைக் கற்க உதவுதல், வாடகைக்கு வீடு கேட்டு வருபவனிடம் ஊரையும் நிறத்தையும் ஆராயாதிருத்தல் ஆகியவை அதன் கூறுகள். ஊர் மொழியைக் கற்பது வந்தவர் கடமை. கற்கும் வரை பொறுத்தல் இருப்பவர் கடமை. இன்று பெங்களூரில் கற்பிக்கும் இடத்திலும், வீடு கொடுக்கும் இடத்திலும் தமிழர் பலர் உள்ளனர். மணிப்பூரிலிருந்தோ தான்சானியாவிலிருந்தோ ஒரு மாணவர் வந்து கதவைத் தட்டும்போது, தொரப்பள்ளி இளைஞருக்கு நவரத்ன ராமராவ் போல் ஒரு நண்பர் வாய்த்ததை நினைத்துக் கொண்டால் போதும். அத்தகைய நட்பை அவருக்கும் வாய்க்கச் செய்வது நம்மால் இயலும்.