எதையும் காட்டும் அறையும் ஒன்றையே காட்டும் அறையும்: நிறுவல் கலையிலிருந்து கலைக்கூடக் கட்டடம் கற்க வேண்டியது

நிறுவல் கலைஞர்களைப் பின்பற்றிக் கலைக்கூடம் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய படைப்புகளின் தோற்றத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்: சாய்ந்த சுவர், கண்ணாடிப் பிரதிபலிப்பு, வண்ண ஒளி. ஆனால் எதை நிலையாக வைப்பது, எதை ஒளிக்கும் காற்றுக்கும் பார்வையாளரின் நடமாட்டத்துக்கும் விட்டுவிடுவது என்ற முடிவில்தான் அக்கலையின் சாரம் இருக்கிறது. அந்த முடிவைக் கட்டடக் கலைஞர் தரையிலும் கூரையிலுமே எடுக்க வேண்டும். அதற்காக, எதையும் காட்டக்கூடிய அறை என்ற வசதியை இழக்கவும் துணிய வேண்டும்.

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள தெஷிமா தீவில் 2010இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் இதற்கு வலுவான சான்று. கட்டடக் கலைஞர் ரியூஎ நிஷிசாவா. உள்ளிருக்கும் ஒரே படைப்பு ரெய் நைதோவுடையது. சுமார் 40 மீட்டருக்கு 60 மீட்டர் பரப்பு, மிஞ்சிப்போனால் 4.5 மீட்டர் உயரம், நடுவே ஒரு தூண்கூட இல்லை. சென்ட்ரிங் பலகை அடித்திருந்தால் ஒவ்வோர் இணைப்பும் கான்கிரீட்டில் வரியாகப் பதிந்திருக்கும். இங்கோ மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் 25 சென்டிமீட்டர் கனத்தில் கூரையை வார்த்து, இறுகியபின் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். கூரையில் கண்ணாடி பதிக்காத இரண்டு பெரிய நீள்வட்டத் திறப்புகள். மழையும் சருகும் பறவைக் குரலும் தடையின்றி உள்ளே வரும். தரையின் நுண்துளைகளில் நீர் கசிந்து முத்தாகத் திரள்கிறது. தரை அதை உறிஞ்சுவதில்லை. துளி சற்றே நின்று, திடீரென நழுவி, வழியில் இன்னொன்றோடு சேர்ந்து, மெல்லச் சிறு குளமாகிறது. மற்றக் கட்டடங்களில் தண்ணீர் வடியக் கொடுக்கும் வாட்டம் இங்கே படைப்பின் உயிர். கூரையும் தரையும் இப்படி அமையாவிட்டால் நைதோவின் படைப்பு இல்லை; அந்த நீர் இல்லாவிட்டால் கூரைக்கு அந்தத் தாழ்ந்த வளைவு தேவையுமில்லை.

ஒரு படைப்புக்கென்றே கட்டிய கூடம் உறைந்த நினைவுச்சின்னமாகிவிடும், அடுத்த தலைமுறைக் கலைஞருக்கு அங்கே இடமிராது என்பது முதல் மறுப்பு. இதன் பிற்பகுதி உண்மை. அந்த விலையை மறைக்கக் கூடாது. முற்பகுதியை மட்டும் ஏற்க முடியவில்லை. அருகிலுள்ள நவோஷிமா தீவில் தடாவோ ஆண்டோ பெரும்பாலும் நிலத்தடியில் கட்டி, 2004இல் திறக்கப்பட்ட சிச்சூ கலைக்கூடத்தில், வால்டர் டி மரியாவின் 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் கோளம் படிக்கட்டின் நடுவே அசையாமல் நிற்கிறது. சுற்றிலும் பொன் பூசிய, மரத்தாலான 27 வடிவங்கள். மேலிருந்து இறங்கும் பகலொளி நகர நகர, கோளத்தின் பளபளப்பும் பொன்னின் நிறமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. காலையில் கண்டவருக்கு மாலையில் அது வேறு அறை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடம் எந்தக் கலைஞரையும் மனத்தில் வைத்துக் கட்டியதன்று, பழைய மின்நிலையம். ஆனாலும் 2003இல் ஓலாஃபர் எலியாசனின் செயற்கைச் சூரியனும் 2007இல் டோரிஸ் சால்செதோவின் பிளவும் அங்கே அரிய படைப்புகளாயின. அப்படியானால் பெரிய வெற்றிடமே போதாதா? போதாது. அது 155 மீட்டர் நீளமும் கனத்த எஃகுச் சட்டங்களும் கொண்ட, தன் பழைய தொழிலை மறைக்காத கூடம். அந்த நீளமும் உயரமும் இருந்ததால்தான் எலியாசனின் விளக்குகளின் அரைவட்டம் கூரையில் பொருத்திய பிரதிபலிக்கும் பரப்பில் முழுச் சூரியனாயிற்று. சால்செதோ கூடத்தின் தரையையே பிளந்தார். அடைத்த பிறகும் அதன் தழும்பு தெரிகிறது. இருவருக்கும் பயன்பட்டது அந்த இடத்தின் பிடிவாதம். எளிதில் வளைந்துகொடுக்கும் குணமன்று.

ஆகவே புதுக் கூடம் கட்டுவோர் முதலில் மாற்ற வேண்டியது பணிகளின் வரிசையை. கட்டடம் முடிந்தபின் கலைஞரை அழைப்பது பெருவழக்கு. அதற்குள் தரையின் வாட்டமும் கூரையின் திறப்பும் முடிவாகிவிடுகின்றன. வரைபடத்தில் அவ்விரண்டும் திறந்த கேள்விகளாக இருக்கும்போதே அவர் உடனிருந்தாக வேண்டும்.