ஜவ்வு மிட்டாயும் பிரெஞ்சு ராஜாவும்

சேக்காட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் போன மாதம் ஒரு ராணுவ டாங்கி தயாரானது. அடுத்த தெரு நண்பர், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய எழுபதாவது பிறந்த நாள் கேக்கின்மேல் வைக்க ஒரு விஜயந்தா டாங்கி வேண்டும் என்று அவர் மருமகள் என் பேத்தியிடம் கேட்டிருந்தார். 1965-இல் அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக வெளிவந்த டாங்கி அது.

பேத்தி வெள்ளை சாக்லேட் காம்பவுண்டை உருக்கினாள். லிக்விட் குளுகோஸை லேசாகச் சூடாக்கி அதில் விட்டுக் கிளறினாள். மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். சாயங்காலம் எடுத்துப் பிசைந்தபோது கொழுக்கட்டை மாவு மாதிரி சொன்னபடி கேட்டது. சக்கரம், சங்கிலி, பீரங்கிக் குழாய் எல்லாம் உருண்டு வந்தன.

"இதுக்கு கேண்டி க்ளேன்னு பேர் தாத்தா" என்றாள். மிட்டாய்க் களிமண்.

"அந்தக் காலத்திலேயே ஒருத்தர் இதை மூங்கில் கழியில சுத்திக்கிட்டு நம்ம தெருவுக்கு வந்தாரே" என்றேன்.

"யாரு, ஜவ்வு மிட்டாய்க்காரரா? அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று சிரித்தாள்.

முழுக்க ஒன்றல்ல, ஆனால் ஒரே வம்சம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சர்க்கரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாகாக்கினாலும் ஆறியதும் மறுபடி பரல் பரலாகப் பூத்துவிடும். அதனால்தான் ஜாமூன் பாகில் நம் வீட்டுப் பெண்கள் நாலு சொட்டு எலுமிச்சம் சாறு விடுகிறார்கள். அதை மண் மாதிரி பிசைய வேண்டுமானால் இந்தப் பூக்கிற குணத்தைத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசின் போட்டுக் கட்ட வேண்டும். உலகம் முழுக்க இந்த இரண்டு வழிகள்தான்.

ஐரோப்பாவில் முதலில் பிடித்துக்கொண்டது பிசின் வழியை. ஈரான், துருக்கிப் பக்கத்து முட்செடி ஒன்றிலிருந்து வரும் டிராககாந்த் பிசின், நம் பாதாம் பிசின் போலவே தண்ணீரில் ஊறி வீங்கும். அதோடு சர்க்கரைத் தூளைப் பிசைந்து தட்டு, கிண்ணம், கோப்பை செய்து, விருந்து முடிந்ததும் அவற்றையே தின்னலாம் என்று 1555-இல் வெனிசில் அச்சான ஒரு புத்தகம் செய்முறை சொல்கிறது. 1574-இல் பிரெஞ்சு ராஜா மூன்றாம் ஆன்ரி அந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு அப்படி ஒரு விருந்து வைத்தார்கள். கை துடைக்கத் துணியை எடுத்தாராம், அது கையிலேயே முறிந்ததாம். அதுவும் சர்க்கரை!

பிரெஞ்சுக்காரர்கள் இந்த மாவைப் பஸ்தியாஜ் என்பார்கள். காய்ந்தால் எலும்பு மாதிரி இறுகிவிடும். அதில் கோபுரமும் பாழடைந்த கோயிலும் கட்டிப் பெயர் வாங்கியவர் அந்தோனேன் கரேம். பாரிசில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மிட்டாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தேசிய நூலகத்துக்குப் போய்க் கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கற்றுக்கொண்டவர். அமைச்சர் தாலேரானிடம் வேலை பார்த்தார். 1815-இல் பலகாரக் கலை பற்றிய அவருடைய புத்தகங்கள் வெளிவந்தன. ஒரு வேடிக்கை: பிரெஞ்சில் கரேம் என்றால் தவக்காலம், நோன்பு நாட்கள். பலகாரக்காரருக்கு இப்படி ஒரு பெயர்!

அதே காலத்தில்தான் பேத்தியின் குளுகோஸும் பிறந்தது. நெப்போலியன் காலத்துச் சண்டையில் கடல் வழி அடைபட்டு ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. 1811-இல் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ஹோஃப் என்ற வேதியியலாளர் மாவுப்பொருளைக் கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் காய்ச்சினார். இனிப்பான பாகு கிடைத்தது. அது சர்க்கரையோடு சேர்ந்தால் சர்க்கரை பூக்காது. டாங்கியின் சங்கிலி வளைந்ததும் அந்தப் புண்ணியத்தில்தான்.

நம் ஜவ்வு மிட்டாய்க்காரருக்கு கிர்ஹோஃபும் தெரியாது, கரேமும் தெரியாது. சர்க்கரைப் பாகில் எலுமிச்சையைப் பிழிந்தார். அந்தப் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுகோஸாகவே உடைத்துவிடுகிறது. எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஆணியில் மாட்டி இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தார். காற்று புகப் புகப் பளபளப்பு ஏறும். பிறகு மூங்கில் கழியில் சுற்றினார். கழியின் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை, கயிற்றை இழுத்தால் ஜால்ரா தட்டும். தெருவில் நின்றபடியே வாட்ச், நெக்லஸ், மயில், தேள், ஏரோப்ளேன் எல்லாம் செய்து தருவார். அச்சு கிடையாது, கத்தி கிடையாது, விரல் மட்டும்தான். கொசுறாக ஒரு துளியைக் குழந்தையின் கன்னத்தில் ஒட்டிவிடுவார். கரேமுக்கு ஒரு கோயில் கட்ட எத்தனை நாள் ஆனதோ, இவருக்கு ஒரு மயில் அரை நிமிடம்.

நாங்கள் இங்கே குடிவந்த 1980-களில் ஜால்ரா சத்தம் கேட்டால் என் மகன் வாசலுக்கு ஓடுவான். நான் கதவைச் சாத்துவேன். புழுதி, ஈ, அந்தக் கை எங்கெல்லாம் பட்டதோ என்பேன். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த கௌரவமும் அதில் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன். 2024 பிப்ரவரியில் துணிச் சாயமான ரோடமின் பி கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாயை முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் தடை செய்தபோது, 'பார்த்தாயா, நான் சொன்னது சரி' என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று நான் சாயத்தை நினைக்கவே இல்லை. அந்த மனிதரின் கையைத்தான் நினைத்தேன். பேத்தியும் கையால்தான் பிசைகிறாள்.

பிறந்த நாளன்று டாங்கியை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்த ஜவ்வு மிட்டாய்க்காரர் என் பையனுக்கு இதே மாதிரி டாங்கி ஒண்ணு செஞ்சு கொடுத்தாரு. சக்கரம் வேணும்னு அவன் அழுதான். அதையும் வெச்சுக் கொடுத்தாரு."

பக்கத்தில் நின்ற என் மகன், "எனக்கு வாட்ச்கூடக் கிடைச்சதில்லை அங்கிள்" என்றான்.