இனன்னா

இனன்னா: யூப்ரடீஸ், டைகிரிஸ் என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட மெசப்பொத்தேமிய நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியர் வழிபட்ட பெண் தெய்வங்களுள் தலையாயவள். அவர்களுக்குப் பின் அந்நாட்டில் ஆதிக்கம் பெற்ற அக்காடியரும் பாபிலோனியரும் அசீரியரும் இவளையே இஷ்டார் என்னும் நாமத்தால் ஆராதித்தனர். காதலுக்கும் போருக்கும், வானத்திலே வெள்ளி மீனுக்கும் இவளே அதிதேவதை. சந்திரனாகிய நன்னா இவளுடைய தந்தை. சூரியனாகிய உத்து உடன்பிறந்தவன். பாதாளத்தை ஆளும் எரெஷ்கிகல் தமக்கை. சிங்கம் இவளுடைய வாகனம். எட்டு முனை கொண்ட விண்மீன் இவளுடைய சின்னம்.

இத்தேவியைக் ‘காதல் தெய்வம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் பல நூல்களில் காணப்படுகிறது. கிரேக்கரின் அப்ரோடைட்டியையும் உரோமரின் வீனஸையும் முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்ததனால் நேர்ந்த குறை இது. களஞ்சியம், விண்மீன், போர்க்களம் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினாலன்றி இனன்னாவின் சொரூபம் விளங்காது.

அவளுடைய மூலஸ்தானம் உருக் என்னும் தொன்மையான பட்டினம். இன்றைய இராக்கில் வர்க்கா என வழங்கும் இடம் அதுவே. அங்கே ‘விண்ணின் இல்லம்’ என்று பொருள்படும் எயன்னா என்ற அவளது கோயில் வளாகத்தை அகழ்ந்தபோது, கி.மு. 3300 முதல் 3000 வரையிலான காலத்தைச் சேர்ந்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மனிதகுலத்தின் எழுத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அடங்கும் அப்பலகைகளிலே பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருப்பது தோத்திரமன்று. தானியம் எவ்வளவு வந்தது, ஆடுகள் எத்தனை, யாருக்கு எவ்வளவு அளந்து கொடுத்தாயிற்று என்னும் கணக்கே. தேவியின் பெயரைக் குறிக்க வழங்கிய ஆதி எழுத்தும் இதற்கேற்பவே அமைந்துள்ளது: நாணற்கட்டின் தலைப்பை வளைத்து வளையமாக்கிய கம்பத்தின் வடிவம் அது. களஞ்சிய வாயிலில் நாட்டப்பெறும் கம்பமாக அதனைக் கண்ட தோர்கில்ட் யாக்கப்சன் என்ற பேரறிஞர், பேரீச்சங்குலைகளைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தின் தெய்வமாகவே இனன்னா முதலில் தோன்றியிருத்தல் வேண்டும் என்று கருதினார். பசியறியாத வாழ்வுக்குக் காவலாயிருந்தவளையே இன்பத்தின் தலைவியாகவும் மக்கள் போற்றினர் என்று கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

அவ்வளாகத்தில் கிடைத்த வர்க்காக் கலசம் என்னும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள வெண்கல் பாத்திரத்தில் இக்கருத்தையே சிற்பமாகக் காணலாம். அடியிலே நீர், அதன்மேல் பயிர், அதன்மேல் ஆட்டு மந்தை, அதன்மேல் கூடைகளைச் சுமந்து வரும் ஆடையற்ற ஆடவர் வரிசை, உச்சியிலே, இரண்டு வளையக் கம்பங்களின் முன் நின்று காணிக்கை ஏற்கும் ஒரு மாது. 2003ஆம் ஆண்டுப் போரின்போது பாக்தாது அரும்பொருட்காட்சிச்சாலையிலிருந்து களவுபோன இக்கலசம், சில வாரங்களில் துண்டுகளாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

நாம் சுக்கிரன் என்றும் அசுரர் குரு என்றும் ஆண்பாலாகக் கொள்ளும் வெள்ளியை மெசப்பொத்தேமியர் பெண்ணாகக் கண்டனர். மாலையில் மேற்கிலும் விடியலில் கிழக்கிலும் மாறி மாறித் தோன்றி, இடையிடையே கதிரவன் ஒளியில் மறைந்துபோகும் இக்கோளின் உதய அஸ்தமனங்களைப் பாபிலோனிய மன்னன் அம்மிசதூக்கனின் காலத்தில் 21 ஆண்டுகளுக்குக் குறித்துவைத்த பலகையின் பிற்காலப் படிகள் அசீரிய நகரமான நினிவேயின் நூல்நிலையத்தில் கிடைத்துள்ளன. அந்தி வெள்ளி காதலுக்கும் விடிவெள்ளி போருக்கும் உரியவை என்று பகுத்துக் கண்ட மரபும் அங்கே இருந்தது.

அவளைப் பற்றிய புராணங்களுள் நெஞ்சை விட்டு அகலாதது பாதாள யாத்திரைக் கதையாகும். நிப்பூர் என்னும் சுமேரிய நகரில் கிடைத்து, இஸ்தான்புல்லுக்கும் பிலடெல்பியாவுக்கும் பிரிந்து சென்ற உடைந்த பலகைகளைப் பொருத்திப் படித்து இதனை உலகறியச் செய்த பெருமை சாமுவேல் நோவா கிரேமருக்கு உரியது. விண்ணை ஆளும் இனன்னா பாதாளத்தின்மீதும் நாட்டங்கொண்டு, முடியும் நீலக்கல் மாலையும் பொன் வளையும் அளவுகோலுமாக ஏழு சின்னங்களை அணிந்து புறப்படுகிறாள். ஏழு வாயில்களிலும் வாயிலுக்கொன்றாக அவற்றைக் களைந்த பின்னரே காவலன் உள்ளே விடுகின்றான். ஏனென்று கேட்கும்போதெல்லாம், அது பாதாளத்தின் விதி என்ற ஒரே விடை கிடைக்கிறது. ஒன்றுமில்லாதவளாய்த் தமக்கையின் முன் நின்றவள் பிணமாக்கப்பட்டுக் கொக்கியில் தொங்கவிடப்படுகிறாள்.

மூன்று நாள் கழிந்தும் அவள் திரும்பாமையால், தோழி நின்சுபுர் கோயில் கோயிலாகச் சென்று அழுது முறையிடுகிறாள். தேவர் தலைவனாகிய என்லிலும் தந்தை நன்னாவும் கைவிரிக்க, ஞானத்தின் கடவுளாகிய என்கி மாத்திரம் தன் நகக்கண் அழுக்கிலிருந்து இரண்டு சிற்றுருவங்களைப் படைத்து அனுப்புகிறான். நோவினால் முனகிக் கிடக்கும் எரெஷ்கிகலின் ஒவ்வொரு முனகலுக்கும் அவ்விருவரும் உடன் முனகி இரங்க, அந்த இரக்கத்தில் உருகிய பாதாள அரசி வேண்டும் வரம் கேட்கச் சொல்கிறாள். அவர்கள் கேட்பது கொக்கியில் தொங்கும் உடலை. மரணத்தின் அரசியையும் ஆறுதல் வேண்டும் ஒரு ஜீவனாகக் கண்ட இக்கற்பனைக்கு ஈடாகப் பழம் புராணங்களில் வேறொன்றை இக்கட்டுரையாசிரியர் அறியார்.

அவர்களால் உயிர்பெற்றெழுந்தவள் தனக்கு ஈடாக ஒருவரைத் தரவேண்டும் என்பது விதி. தனக்காகத் துயருற்ற தோழியையும் பிறரையும், தன்னைத் தொடர்ந்து வந்த பாதாள பூதங்களுக்குக் கொடுக்க மறுத்தவள், துக்கம் சிறிதுமின்றிச் சிறந்த ஆடையுடன் சிங்காதனத்தில் வீற்றிருந்த தன் கணவன் துமுஸியைக் கண்டதும் சினந்து அவனையே சுட்டுகிறாள். பின்னர் ஆண்டில் பாதி அவனும், பாதி அவன் தங்கை கெஷ்தினன்னாவும் பாதாளத்தில் உறைவதென்று தீர்ப்பாகிறது. அக்காடியப் பாடத்திலோ, இஷ்டார் கீழிறங்கிய காலத்தில் மண்ணில் இனப்பெருக்கமே நின்றுபோகிறது.

அரசியலிலும் இத்தேவியின் இடம் பெரிது. அக்காடியப் பேரரசை நிறுவிய சர்கோன் (கி.மு. 24-23ஆம் நூற்றாண்டு) இஷ்டாரின் அருளைத் தன் ஆட்சிக்கு ஆதாரமாகக் கொண்டான். ஊர் நகரத்துச் சந்திரன் கோயிலின் தலைமைப் பூசாரியான அவன் மகள் என்ஹெதுவன்னா, உலகில் பெயர் அறியப்பட்ட முதல் கவிஞர் என்று போற்றப்படுகிறாள். அவளுடைய உருவம் பொறித்த வட்டக்கல்லை 1927இல் லியோனார்டு வூலியின் குழுவினர் அந்நகரில் கண்டெடுத்தனர். கலகக்காரன் ஒருவன் தன்னைக் கோயிலிலிருந்து வெளியேற்றியபோது, தான் பூசித்து வந்த நன்னா மௌனமாயிருந்தமையால், அத்தெய்வத்தின் மகளான இனன்னாவை நோக்கி அவள் முறையிடுவதாக அமைந்த நீண்ட துதி, அவள் பெயரால் வழங்கும் பாடல்களுள் தலைசிறந்தது. இப்பாடல்களின் படிகள் சில நூற்றாண்டுகள் பிந்தியவை ஆதலால், அவளே இயற்றினாளா என்று ஐயுறுவோரும் உளர்.

பிற்காலத்தில் நினிவேயிலும் மற்றோர் அசீரிய நகரமான அர்பேலாவிலும் இஷ்டார் போர்த்தேவியாக விளங்கினாள். மித்தானி மன்னன் துஷ்ரத்தன் நினிவே இஷ்டாரின் திருவுருவத்தை எகிப்தின் மூன்றாம் அமென்ஹோத்தெப்புக்கு அனுப்பிவைத்த செய்தி, எகிப்தில் கிடைத்த அமர்னாக் கடிதங்களுள் ஒன்றில் உள்ளது. பாபிலோனில் இரண்டாம் நெபுகத்நேசர் நீல மெருகேற்றிய செங்கற்களால் எழுப்பிய இஷ்டார் வாயில், இராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை நடத்திய அகழ்வில் வெளிப்பட்டு, பெர்லினில் மீண்டும் கட்டப்பட்டு 1930 முதல் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கோடை வெயிலில் பயிர் கருகும் காலத்தில் துமுஸிக்காகப் பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கும் சடங்கு அந்நாட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. எருசலேம் ஆலயத்தின் வாயிலிலும் அவ்வழுகை கேட்டதென எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமம் கண்டித்துக் கூறுகிறது. துமுஸி என்னும் பெயரின் திரிபாகிய தம்மூஸ் என்பதே இராக்கிலும் சிரியாவிலும் இன்றளவும் ஜூலை மாதத்தின் பெயர்.