பயறு முளைக்காவிட்டால் பசு சினையா?

போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், எங்கட வாப்பா மாட்டு மூத்திரத்தில பயறு போட்டுப் பார்த்தார். ஒன்டும் முளைக்கல்ல. மாடு சினைதான் என்டார். ஆனா அது திரும்பவும் காளை தேடுது. ஏன் சேர்?"

நல்ல கேள்வி. பதிலுக்கு 3,000 வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

பண்டைய எகிப்தின் மருத்துவச் சுவடி ஒன்று இன்று பெர்லினில் இருக்கிறது. பெண்ணொருத்தி கோதுமையிலும் பார்லியிலும் தினமும் சிறுநீர் விட வேண்டும். தானியம் முளைத்தால் அவள் கர்ப்பிணி, முளைக்காவிட்டால் இல்லை என்கிறது அது. பார்லி முளைத்தால் ஆண், கோதுமை முளைத்தால் பெண் என்றும் சொல்கிறது. 1963இல் எகிப்திய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 வீதமானவற்றில் தானியம் முளைத்தது. ஆணா பெண்ணா என்ற கணக்கு மட்டும் பொய்த்தது.

1993இல் இந்தியாவில் வீணா, நரேந்திரநாத் என்ற இருவர் இதே முறையைப் பசுவில் செய்து பார்த்தார்கள். முடிவு தலைகீழ்! சினைப் பசுவின் சிறுநீரில்தான் விதை முளைக்கத் தயங்கியது. விதையை உறங்க வைக்கும் அப்சிசிக் அமிலம் அதில் கூடுதலாக இருப்பதே காரணம் என்கிறார்கள். இதற்குப் 'புண்யகோடி சோதனை' என்று பெயர்.

இனி அந்த வாப்பாவின் விடயம். சோதனையில் சிறுநீர் ஒரு பங்கு என்றால் தண்ணீர் 14 பங்கு. பக்கத்தில் வெறும் தண்ணீர் விட்ட இன்னொரு தட்டும் இருக்கும். ஐந்து நாள் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தண்ணீர் கலக்காத மூத்திரத்தில் உப்பும் யூரியாவும் அதிகம். எந்த மாட்டுடையதாக இருந்தாலும் பயறு கருகும். அப்படிப் பார்த்தால் பட்டியிலுள்ள அத்தனை மாடும் சினைதான், காளை மாடு உட்பட!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சினைப்படாத பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தடவைதான் காளை தேடும். சினை என்று நம்பி அதைத் தவறவிட்டால் கன்றும் பிந்தும், பாலும் பிந்தும். பால் காசில் ஓடும் வீட்டுக்கு அது சின்ன நட்டமில்லை.

ஆகவே செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தண்ணீர்த் தட்டை மறக்காதீர்கள். முடிவை மட்டும் மிருக வைத்தியரிடம் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.