ஸ்லைடு ரூலும் ஒரு தசமப் புள்ளியும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதலாமா, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்ததைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் என் மேஜை டிராயரில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சிவில் சேர்ந்தபோது, பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற என் பெரியப்பா ஒரு நீளமான தோல் உறையைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு ஸ்லைடு ரூல். "இதை வெச்சுத்தான்டா நாங்க படிச்சோம்" என்றார். பார்க்க ஸ்கேல் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பட்டை நகர்ந்தது, மேலே ஒரு கண்ணாடித் துண்டு ஓடியது. எனக்கு அப்போது கேசியோ கால்குலேட்டர்தான் பெரிசு. வாங்கி வைத்துவிட்டேன்.

அதன் கதை சுவையானது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் சுமார் இருபது வருஷம் உழைத்து 1614-ல் மடக்கையை, அதாவது நம்ம லாகரிதத்தை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வித்தை அது. ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தின் அடிப்படைக்கு மாற்றினார். 1620-களில் வில்லியம் ஆட்ரெட் என்ற பாதிரியார் அந்த லாகரிதத்தை இரண்டு பட்டைகளில் கோடுகளாகப் போட்டு, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை நகர்த்தினார். பிறந்தது ஸ்லைடு ரூல்!

எப்படி வேலை செய்கிறது? 25 செ.மீ. நீளமுள்ள ரூலில் 2 என்ற எண் 7.5 செ.மீ.யில் இருக்கும், 3 என்ற எண் 11.9 செ.மீ.யில் இருக்கும். இரண்டு நீளத்தையும் சேர்த்தால் சுமார் 19.4 செ.மீ. அந்த இடத்தில் எழுதியிருப்பது 6. அவ்வளவுதான். பிளஸ் டூ பிராக்டிகலில் லாக் புத்தகத்தைப் புரட்டி நாம் செய்த கூட்டலை, இங்கே இரண்டு பட்டைகள் செய்கின்றன.

ஆனால் ஒன்று. ஸ்லைடு ரூலுக்குத் தசமப் புள்ளி தெரியாது. விடை 6-ஆ, 60-ஆ, 0.6-ஆ என்று அது சொல்லாது. மூன்று இலக்கம் தரும், புள்ளியை நாம்தான் வைக்க வேண்டும். "புள்ளி தலையில இருக்கணும்டா, கையில இல்ல" என்பார் பெரியப்பா. அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அரியலூர் பக்கம் ஒரு சிறு பாலம். அடித்தளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் கனம். கால்குலேட்டரில் தட்டி, கன மீட்டருக்கு 8 மூட்டை என்று பெருக்கி, சிமெண்டுக்குச் சீட்டு எழுதினேன்: 1,728 மூட்டை. கையெழுத்தும் போட்டாச்சு.

வயசான மேஸ்திரி சீட்டைப் பார்த்தார். "தம்பி, பாலம் கட்டறோமா, மலையக் கட்டறோமா?" என்றார். மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். நாற்பதடி, இருபதடி, ஓரடி கனம். 800 கன அடி, அதாவது 8 யூனிட். யூனிட்டுக்கு 22 மூட்டை. "நூத்தி எண்பதுக்குள்ள முடிஞ்சிடும் தம்பி." மறுபடி தட்டிப் பார்த்தேன். 173! 0.3 என்று அடிப்பதற்குப் பதில் 3 என்று அடித்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. கருவி நான் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது.

பத்து மடங்கு கூடினால் பணம் போகும். கம்பிக் கணக்கில் பத்து மடங்கு குறைந்தால்? அரியலூர்க்காரர்களுக்குப் பாலம் என்றாலே 1956 நவம்பர் 23 ஞாபகம் வரும். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குக் காரணம் கணக்குப் பிழை என்று நான் சொல்லவரவில்லை. நம் தொழிலில் எண் என்பது வெறும் எண் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மேஸ்திரியின் கணக்கு எங்கிருந்து வந்தது? நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16. இன்றைக்கும் நம்ம ஊர் சைட்டில் "மூணு நூல் கம்பி" என்கிறார்களே, ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இன்னொரு சம்பவம். 1825-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணம் கணிப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார். தாள் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிஷம்தான்! ஆனால் நடுப்பகுதிக்கு 23 நிமிஷம், முடிவுக்கு 52 நிமிஷம் தவறியது. கணிதத்தின் பின்னால் உள்ள தத்துவம் அவருக்குத் தெரியவில்லை என்றும் வாரன் எழுதினார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பட்டனைத் தட்டும் நானும் அப்படித்தானே?

நம் பக்கத்துக் கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டனின் கீழணை 1836-ல் எழுந்தபோது கால்குலேட்டர் ஏது? அப்போலோ விண்வெளி வீரர்கள்கூட பிக்கெட் கம்பெனியின் சின்ன ஸ்லைடு ரூலைக் கொண்டுபோனார்கள். 1972-ல் ஹியூலெட் பேக்கார்டின் எச்.பி.-35 கால்குலேட்டர் 395 டாலருக்கு வந்தது. அதற்கப்புறம் சில வருஷங்களிலேயே மூன்றரை நூற்றாண்டு ஆண்ட ஸ்லைடு ரூல் மூலைக்குப் போய்விட்டது.

திரும்பி வரட்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டாட் மென்பொருள் இல்லாமல் இன்று என்னாலும் வேலை செய்ய முடியாது. தம்பி தங்கைகளே, ஒன்று மட்டும் செய்யுங்கள். பட்டனைத் தட்டும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று தாள் ஓரத்தில் எழுதுங்கள். பிறகு தட்டுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீனியர்களே, வீட்டுப் பரணில் ஸ்லைடு ரூலோ, பழைய லாக் புத்தகமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். நம் டிபார்ட்மென்டில் ஒரு கண்ணாடி அலமாரி வைப்போம். பெரியப்பா இப்போது இல்லை. அவர் கொடுத்த ரூலை முதல் பொருளாக நான் கொண்டு வருகிறேன்.

— முன்னாள் மாணவர், சிவில் பிரிவு