உயர்கல்விக் கடன் வந்த வழி

நம் பாட்டன்மார் காலத்தில் பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கைகொடுத்தவை கடை வருமானமும் உறவினர் கைமாற்றும்தான். 1997-இல், 566-ஆவது சட்டத்தின் வழி, பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைந்தது. எங்கள் தலைமுறையில் பலர் அந்தக் கடனைக் கொண்டே டிப்ளோமா முடித்தோம்.

கைமாற்றில் இல்லாத நிபந்தனை ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் 4.00-இல் குறைந்தது 2.00 சராசரிப் புள்ளி பெற வேண்டும். தவறினால் அடுத்த தொகை நிறுத்திவைக்கப்படும். படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கியதைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். முதல் வகுப்புப் பட்டம் பெற்று, மற்ற விதிகளும் பொருந்தினால் கடன் விலக்கு உண்டு.

கடைக்கணக்கை மாதந்தோறும் பார்க்கும் நாம், பிள்ளைகளின் பருவத் தேர்வு முடிவையும் அன்போடு கேட்டறிவோம். வாங்கிய கடன் அமானிதம்.