தத்துவம்

'தத்' என்றால் அது. 'தத்துவம்' அதன் தன்மை. வடசொல். 'மெய்யியல்' மெய்யைப் பற்றிய கல்வி. இரண்டிலும் அன்பின் சாயல் இல்லை. கிரேக்க 'ஃபிலோசோஃபியா'வில் உண்டு: 'ஃபிலோ' நேசம், 'சோஃபியா' ஞானம். ஞானி என்று மார்தட்டாமல், ஞானத்தை நேசிப்பவன் என்று ஓர் எட்டு தள்ளியே நிற்கும் சொல். பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்ற உரையாடல் நூல் இன்னும் ஒருபடி போகிறது. கடவுளர் ஞானத்தைத் தேடுவதில்லை, அவர்களிடம் அது இருக்கிறது. மூடனும் தேடமாட்டான், தன்னிடம் இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது. இடையில் தவிப்பவனே தேடுகிறான்.

தன்னிடம் இல்லாததை அறியாத நிலை ஒரு நாட்டுக்கும் வரலாம். அந்தமானின் ஹேவ்லாக் தீவு, ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைத் தாங்கியது; 2018 டிசம்பர் 30-இல் 'ஸ்வராஜ் த்வீப்' (தன்னாட்சித் தீவு) ஆனது. (பயணிகள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.) பெயரை மாற்ற ஓர் அறிவிப்பு போதும். வங்காளச் சிந்தனையாளர் கிருஷ்ணசந்திர பட்டாச்சாரியா 'கருத்துகளில் ஸ்வராஜ்' என்ற உரையில் கவலைப்பட்டது அதைவிடக் கடினமானதைப் பற்றி: இரவல் எண்ணங்களை எடைபோடாமல் ஏற்றுக்கொண்டு, அது அடிமைத்தனம் என்ற உணர்வே இல்லாதிருப்பது. பிளேட்டோவின் மூடனுக்கும் இதே நிலைதான்.

நாம் தாராளமாக வழங்கும் 'தத்துவஞானி' பட்டம் கிரேக்கச் சொல்லின் அடக்கத்துக்கு நேர் எதிர். 'மெய்தேடி' என்றால் பொருந்தும்.